நெல் வயலில் களை: முதல் 40 நாளைக் கோட்டை விடாதீர்கள்

அவிநாசி வட்டாரத்தில் மேட்டாங்காடுதான் அதிகம். கிணறு, போர்வெல்லை நம்பி நெல் நடுபவர்களுக்கு, கோபி பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நடுபவர்களைவிடக் களைத் தொல்லை கூடுதலாகவே இருக்கும். காரணம் தண்ணீர்தான். வயலில் தண்ணீர் நின்றால் பல களை விதைகள் முளைக்காது. மோட்டார் ஓடாமல் சேறு காய்ந்தால் குதிரைவாலிப் புல்லும் கோரையும் கிளம்பிவிடும். நல்ல வெயிலில் குதிரைவாலி நெல்லைவிட வேகமாக வளரும்; நீங்கள் போடும் யூரியாவையும் முந்திக்கொண்டு எடுக்கும். நெல்லில் தூர் குறையும். பிறகு களை எடுத்தாலும் போன தூர் திரும்பாது.

இளம் பருவத்தில் குதிரைவாலியும் நெல்லும் ஒன்றுபோலவே இருக்கும். இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே வெள்ளைச் சவ்வு இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது. நாற்றங்காலிலேயே பார்த்து எடுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

நடவு வயலில், நட்ட 3 முதல் 5 நாளுக்குள் பூட்டாகுளோர் 50 ஈ.சி. ஏக்கருக்கு 1 லிட்டரை 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, தண்ணீர் மெல்லிசாக நிற்கும்போது சீராகத் தூவுங்கள். அடுத்த 2, 3 நாள் தண்ணீரை வடிக்கவோ புதிதாகக் கட்டவோ கூடாது. மருந்து வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மின்சாரம் வரும் நேரம் தெரிந்து முன்கூட்டியே தண்ணீர் கட்டிக்கொள்ளுங்கள்.

வரிசை நடவு என்றால் 10 நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் ஓட்டலாம். மற்ற வயலில் 35, 40 நாளில் ஒரு கைக்களை போதும். மேலுரம் அதற்குப் பிறகு.

தப்பிய குதிரைவாலியைக் கதிர் முற்றும் முன் பிடுங்கி வயலுக்கு வெளியே போடுங்கள். அறுப்புக்கு முன்பே அதன் விதை உதிர்ந்துவிடும்.