ஓயாமல் சிணுங்கும் நாயைச் சமாளிப்பது எப்படி?

கைக்குழந்தை அழுதால் பால் கொடுக்கலாம், தூளியில் போட்டு ஆட்டலாம். தோள் உயரத்துக்குத் தாவுகிற நாய் ஒன்று காலையிலிருந்து இரவு வரை ஓயாமல் சிணுங்கிக் கொண்டே இருந்தால் என்ன செய்வது? குட்டியாக இருக்கும்போது சமர்த்தாக இருந்தது, ஏழெட்டு மாதம் ஆனதும் இப்படி மாறிவிட்டது என்று நாய் வளர்க்கும் பல வீடுகளில் சொல்லக் கேட்கலாம். குரைத்தாலாவது யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து பார்க்கலாம். இந்தச் சிணுங்கல் இருக்கிறதே, அது மிளகாய் அரைத்த கை மாதிரி. விடாமல் எரியும்.

நாங்கள் இருப்பது அம்பத்தூர் மேனாம்பேட்டில், மாடிப் போர்ஷன். என் தம்பி சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டு வந்து கொடுத்தான். மணி என்று பெயர் வைத்தோம். எட்டு மாதத்தில் அது நெடுநெடுவென்று வளர்ந்தது, கூடவே சிணுங்கலும் வளர்ந்தது. அடுத்த போர்ஷன்காரர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்ப்பவர். பகலில்தான் தூங்க வேண்டும். அவர் மனைவி கைக்குழந்தையோடு வந்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. அவரு சரியாத் தூங்கி நாலு நாளாச்சு. மெஷின்ல கை வைக்கிற வேலை. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வீட்டுக்கார அம்மாளும் கெடு வைத்துவிட்டார். "பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் விட்டுட்டு வந்துடலாம், யாராவது சோறு போடுவாங்க" என்றார் மாமனார். எனக்கு மனசு வரவில்லை. இரண்டு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினேன். கால்நடை டாக்டரிடம் கேட்டும், படித்தும், செய்து பார்த்தும் தெரிந்து கொண்டதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

நாய்க்கு வலி இருந்தாலும் சிணுங்கும். காதில் புண், வயிற்றில் பூச்சி, பாதத்தில் முள், உண்ணிக் காய்ச்சல் எதுவாகவும் இருக்கலாம். காது மடலுக்குள், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். சாப்பாட்டில் நாட்டமில்லை, ஈறு வெளுத்திருக்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது. பக்கத்தில் நல்ல டாக்டர் இல்லாவிட்டால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

வெறிநாய்க்கடி தடுப்பூசியை வருஷா வருஷம் தவறாமல் போடுங்கள். ஊசி போடாத நாயின் குரல் திடீரென்று கரகரத்து மாறினால், விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தால், கிட்டே போகாமல் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று, நாம் மிச்சமான சாம்பார் சாதத்தை நாய்க்கு வைப்போம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். அதற்கென்று தனியாகச் சமைப்பதே நல்லது.

இது இரண்டுங்கெட்டான் வயசு

உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், வயசைக் கணக்குப் பண்ணுங்கள். சுமார் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை நாய்க்கு விடலைப் பருவம். இங்கிலாந்தில் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த நாய்கள், எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்து போனதாம். அதே வார்த்தையை வேற்று ஆள் சொன்னால் கேட்டனவாம்! நம் வீட்டுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் செய்வதுதானே இது? பருவம் தாண்டியதும் மறுபடி கேட்க ஆரம்பித்தன என்பதுதான் ஆறுதலான சேதி. இந்த வயசு நாயை அடங்காப்பிடாரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஓடப் பிறந்த நாய்

நம் நாய் எந்த வேலைக்காக வளர்க்கப்பட்ட ஜாதி என்று தெரிந்து கொள்வது அவசியம். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டது. கண்ணால் பார்த்ததைத் துரத்திப் பிடிக்கிற கால் அது. ராஜபாளையம், காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாவற்றையும் பேர் சொல்லிப் புகழ்ந்தார். பெருமைதான். ஆனால் கரிசல் காட்டில் ஓட வேண்டியதை இரண்டு அறைக்குள் கட்டிப் போட்டால், அந்தச் சக்தி வாய் வழியாகத்தானே வெளியே வரும்?

காலையில் 5 மணிக்கு, வெயில் ஏறும் முன்னால், முக்கால் மணி நேரம் வெளியே அழைத்துப் போகிறோம். ராத்திரி 7 மணிக்கு மேல் இன்னொரு முறை. ஆள் இல்லாத மைதானத்தில் நீளமான கயிற்றில் ஓட விடுகிறான் என் மகன். முயலைக் கண்டால் நிற்காத ஜாதி. அவிழ்த்து விட்டால் ரோட்டுக்கே ஓடிவிடும். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, வாயால் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெயில் காலத்தில் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களால் ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

மூக்குக்கும் வேலை வேண்டும்

ஓட்டம் மட்டும் போதாது. நாயின் மூளைக்கு வேலை கொடுப்பது மூக்கு. அதனால் நடக்கும்போது முகர்ந்து பார்க்க விடுங்கள், இழுத்துக் கொண்டே போகாதீர்கள். சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல் தேட வைக்கலாம். பழைய துண்டை விரித்து, அவித்த கோழித் துணுக்குகளைத் தூவி, பாய் மாதிரி சுருட்டிக் கொடுங்கள். மூக்கால் உருட்டி உருட்டி எடுக்கும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள், துணியைக் கடித்து விழுங்கிவிடக் கூடாது. பத்து நிமிஷம் இப்படித் தேடிய பிறகு மணி சுருண்டு படுத்துக் கொள்ளும். தூக்கமும் முக்கியம். நாய் ஒரு நாளில் பாதி நேரம் போலத் தூங்கும். பிள்ளைகள் சதா சீண்டிக் கொண்டிருந்தால் களைப்பிலேயே சிணுங்கும்.

அமைதிக்குத்தான் கூலி

இதுதான் முக்கியமான பாடம். சிணுங்கியதும் பிஸ்கட் கிடைத்தால், சிணுங்கினால் பிஸ்கட் வரும் என்று நாய் கற்றுக் கொள்கிறது. "சும்மா இரு!" என்று அதட்டுவதும் அதற்குக் கவனிப்புதான். ஒன்பது தடவை மறுத்துவிட்டுப் பத்தாவது தடவை மனமிரங்கிக் கொடுப்பது இன்னும் மோசம். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் மாதிரி, இந்தத் தடவை விழும், இந்தத் தடவை விழும் என்று அது விடவே விடாது. இதை அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து நிரூபித்திருக்கிறார்.

ஆகவே சிணுங்கும்போது முகத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள். மூன்று விநாடி நிறுத்தினால் உடனே மெதுவாக "சபாஷ்" சொல்லி ஒரு துணுக்கு கொடுங்கள். பிறகு ஐந்து, பத்து, முப்பது விநாடி என்று கூட்டுங்கள். பசி, தண்ணீர், வெளியே போக வேண்டிய அவசரம் இவற்றை மட்டும் நேரம் பார்த்து, அது கேட்கும் முன்னாலேயே கவனித்து விடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஆரம்பத்தில் சில நாள் சிணுங்கல் ஜாஸ்தியாகும். அதற்காகப் பயந்து நிறுத்தாதீர்கள். அக்கம் பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பயந்த நாய் இன்னும் அழும், இல்லாவிட்டால் கடிக்கும்.

தனிமைப் பயம் வேறு

நீங்கள் வெளியே போனதும் கதவைப் பிறாண்டி, எச்சில் ஒழுகி, ஊளையிட்டால் அது பிடிவாதம் அல்ல, பயம். அதைக் கண்டு கொள்ளாமல் விட்டால் சரியாகாது. ஒரு நிமிஷம் வெளியே போய் வாருங்கள். அமைதியாக இருந்தால் இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம் என்று கூட்டுங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சிக் குலாவ வேண்டாம். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரைக் கேளுங்கள். மருந்தும் உண்டு.

எங்களுக்குப் பலன் தெரிய ஐந்து வாரம் ஆனது. இப்போதும் ஐந்தரை மணிக்கு என் வீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேட்டால் மணி சிணுங்கத்தான் செய்கிறது. ஆனால் பகல் முழுக்க அமைதி. "அவரு நல்லாத் தூங்கறாரு அக்கா" என்று பக்கத்துப் பெண்ணே சொன்ன பிறகு வீட்டுக்கார அம்மாளும் கெடுவைப் பற்றிப் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பசி தாகத்தில் தவிக்கும்படி காரணமில்லாமல் நாயைக் கைவிடுவது, 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் வரப் பாடுபட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-ல் ஏற்பட்ட விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவியும் அவரே. அந்த வாரியம் 2015-ல் தந்த வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது. அதே சமயம், முக்கியமாக இரவில், நாயை அமைதியாக வைத்துக் கொள்ள முயல வேண்டும் என்று நமக்கும் அதில் புத்தி சொல்லியிருக்கிறது. அம்பத்தூர் 2011-லிருந்து சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், இங்கே நாய்க்கு லைசென்ஸும் வாங்க வேண்டும்.

வீட்டில் வளர்ந்த நாய்க்கு ரோட்டில் பிழைக்கத் தெரியாது. கொண்டு போய் விடுவதைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், இவற்றைச் செய்து பாருங்கள். சிணுங்கும் நேரத்தை ஒரு காலண்டர் தாளில் தினமும் குறித்து வாருங்கள். குறைகிறதா என்று உங்களுக்கே தெரியும்.