மதிலும் வனமும்: ஒரு ஜெர்மன் பெயரடை

ஜெர்மன் மொழியில் 'க்ளோஸ்டர்லிஷ்' என்றொரு பெயரடை உண்டு. அதற்குத் 'துறவு சார்ந்த' என்று பொருள் எழுதினால் பாதிதான் சரி. 'க்ளோஸ்டர்' என்பது கிறித்தவத் துறவியர் கூடி வாழும் மடம். அடைக்கப்பட்ட இடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எனவே இந்தப் பெயரடைக்கு அடிப்படை மதில், துறத்தல் அன்று. துறவி என்ற ஆளைக் கொண்டு பிறந்த 'மோன்ஷிஷ்' வேறு சொல். அதன் கிரேக்க வேருக்குத் தனிமை என்று பொருள்.

இலக்கணத்துக்கு வருவோம். வாழ்க்கையைக் குறிக்கும் 'லேபன்' அங்கே அஃறிணைப் பால். 'ஒரு மடத்து வாழ்க்கை' என்னும்போது 'ஐன் க்ளோஸ்டர்லிஷெஸ் லேபன்' என்று பெயரடையின் வாலில் பால் தெரியும். 'அந்த' என்ற பொருளில் 'டாஸ்' முன்னால் வந்தால் அதுவே பாலைக் காட்டிவிடும். பெயரடை 'க்ளோஸ்டர்லிஷெ' என்று சுருங்கிவிடும். பயனிலையாக நின்றால் வாலே கிடையாது. 'லிஷ்' விகுதியோ உடல், உரு என்று பொருள்பட்ட பழஞ்சொல்லின் எச்சம். அதனால்தான் 'மடத்துக்குரிய', 'மடம் போன்ற' ஆகிய இரண்டையும் அது ஒன்றாகச் சொல்கிறது. தமிழில் இவற்றைப் பிரித்தே எழுத வேண்டும்.

தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என நான்கு சொல்வகைகளையே சொல்கிறது; பெயரடைக்குத் தனி இடம் இல்லை, ஆகவே தமிழுக்கு இது குறைதானே என்று கேட்கலாம். குறையில்லை. 'மடம்' அத்துச் சாரியை பெற்று 'மடத்து' ஆனாலே அடுத்த பெயருக்கு அடையாகிவிடும். சோழர் கல்வெட்டுகளில் மடத்துக்கு விட்ட நிலம் மடப்புறம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம். நில உரிமையையே இப்படிப் பெயரோடு பெயர் சேர்த்துத் துல்லியமாகப் பிரித்தார்கள்.

இந்த ஜெர்மன் சொற்களை நம் முனிவர் ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்போம். உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் இறைவன் வியாக்ரபுரீசுவரர். புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர் வழிபட்ட தலம் என்பது ஊர் மரபு. அவர் வாழ்வை 'க்ளோஸ்டர்லிஷ்' எனலாமா? கூடாது, வனத்துக்கு மதில் இல்லை. அப்படியானால் 'மோன்ஷிஷ்' பொருந்துமே என்றால், அதுவும் இடறும். புராணப்படி அவருக்கு மனைவி உண்டு. உபமன்யு அவர் மகன். தவம் வேறு, துறவு வேறு. இரண்டையும் குழப்பும் மொழிபெயர்ப்பு நம் முனிவரையும் கிறித்தவ மடத்தையும் ஒருசேரத் தவறாகக் காட்டும். மொழிபெயர்ப்போர் 'துறவற' என்ற ஒரே சொல்லை எங்கும் ஒட்டாமல், மதிலுக்குள் கூடி வாழ்வதைச் சொல்லும் இடத்தில் 'மடத்து' என்றே எழுத வேண்டும்.