வெளிச்சமில்லாத திரையில் டிராகுலா

டிராகுலாவின் கோட்டை என்றால் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். 1986இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் தொடங்கிய 'காசில்வேனியா' வீடியோ கேம் தொடருக்கு அந்த இருட்டுதான் மூலதனம். வீட்டு டிவியில் அது நன்றாகவே எடுபட்டது. 2001 மார்ச்சில் நின்டெண்டோவின் 'கேம் பாய் அட்வான்ஸ்' வந்ததும் சிக்கல் தொடங்கியது.

அந்தக் கைக்கருவியின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. இன்றைய செல்போனில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது அல்லது புள்ளிகளே ஒளிர்கின்றன. இதிலோ அறையின் ஒளி திரைக்குள் நுழைந்து, பின்னாலிருக்கும் தகட்டில் பட்டுத் திரும்பினால்தான் படம் தெரியும். கருவியோடு கூடவே வெளிவந்த இத்தொடரின் 'சர்க்கிள் ஆஃப் த மூன்' இதில் வசமாக மாட்டிக்கொண்டது. கறுப்புச் சுவருக்கு முன்னால் கறுப்புப் பேய் வந்தால் யாரை அடிப்பது? விளையாட விரும்பியவர்கள் ஜன்னலோரம் தேடிப்போனார்கள்.

அடுத்த ஆண்டு வந்த 'ஹார்மனி ஆஃப் டிசொனன்ஸ்' எதிர்ப்பக்கம் பாய்ந்தது. தயாரிப்பாளர் கோஜி இகராஷி. வண்ணங்கள் பளீரென்று ஆயின. நாயகனைச் சுற்றி ஒரு நீலக் கோடே இழுத்துவிட்டார்கள். அடி வாங்கியது இசை. இந்தக் கருவியில் பதிவுசெய்த ஒலிகளைக் கலந்து இசையாக்கும் வேலையும் 16.78 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட அதே செயலியின் தலையில்தான் விழும். படத்துக்கு அதிகம் கொடுத்தால் பாட்டுக்கு மிஞ்சாது. அதன் இசை இன்றும் எனக்குக் கரகரவென்றுதான் கேட்கிறது.

2003இல் வந்த 'ஆரியா ஆஃப் சாரோ'வில்தான் இரண்டும் கூடிவந்தன. மிச்சிரு யமானே உள்ளிட்டோரின் இசை தெளிவாக ஒலிக்கிறது. கோட்டை இருட்டாகவே இருந்தும் கண்ணுக்குத் தெரிகிறது. அதே ஆண்டு திரைக்கு விளக்கு வைத்த 'கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி' கருவியும் கடைக்கு வந்தது, நல்ல காலம்.

கதை நடப்பது 2035இல். சூரிய கிரகணத்துக்குள் அடைபட்ட கோட்டையில் சோமா குரூஸ் என்ற மாணவன் சிக்குகிறான். தொடரின் வழக்கமான சாட்டையை ஓரங்கட்டிவிட்டு, கொன்ற பேய்களின் ஆன்மாவை அவன் உறிஞ்சிக்கொள்கிறான். எலும்புக்கூட்டின் ஆன்மா இருந்தால் எலும்பை எறியலாம். வேறொன்று கிடைத்தால் தண்ணீர்மேல் நடக்கலாம், அதுவரை எட்டாத அறைகளுக்கு வழி திறக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட ஆன்மாக்கள். பெரும்பாலானவை அதிர்ஷ்டம் இருந்தால்தான் விழும். ஒரே பேயைத் திரும்பத் திரும்ப அடித்துச் சலித்தவர்களுக்கும் வழி வைத்திருந்தார்கள்: இரண்டு கருவிகளைக் கேபிளால் இணைத்து, நண்பரிடம் பண்டமாற்று செய்துகொள்ளலாம்.