தேயிலை மீது மூன்று பென்ஸ்

1773-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி இரவு பாஸ்டன் துறைமுகத்தில் சுமார் 340 தேயிலைப் பெட்டிகள் உடைக்கப்பட்டுக் கடலில் கொட்டப்பட்ட கதையை வாசகர்கள் அறிவார்கள். வரிச் சுமையைத் தாங்கமாட்டாமல் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள் என்று பள்ளிக்கூடப் புஸ்தகங்கள் அக்கதையைச் சுருக்கமாக முடித்துவிடும். ஆனால் அன்று கடலில் விழுந்த தேயிலை, முந்திய ஆண்டுகளில் முறைப்படி இறக்குமதியான தேயிலையைவிட மலிவானது. டச்சுக்காரர்களின் கள்ளச் சரக்கோடு போட்டியிடக்கூடிய விலையில் அதைக் கொண்டுவந்து விற்பதற்கென்றே பிரிட்டிஷ் பார்லிமெண்டு தனிச் சட்டம் ஒன்று இயற்றியிருந்தது. மலிவாக வந்த பண்டத்தை ஒரு வியாபார நகரம் கடலில் எறிவானேன்? இதற்கு விடை கிடைத்தால், பதின்மூன்று குடியேற்ற நாடுகள் பிரிட்டிஷ் முடியை உதறியதற்குரிய காரணத்தில் பெரும் பகுதி விளங்கிவிடும்.

இங்கிலாந்தின் கட்சியை முதலில் கேட்டுவிடுவது நியாயம். பிரெஞ்சுக்காரருடன் 1756 முதல் 1763 வரை நடந்த யுத்தத்தில் பிரிட்டன் வென்றது. கனடா அதன் வசமாயிற்று. ஆனால் தேசியக் கடன் ஏறக்குறைய இரு மடங்காகி 13 கோடி பவுனை எட்டியது. வென்ற நிலத்தைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 துருப்புகளை நிறுத்த மந்திரிகள் தீர்மானித்தார்கள். அதற்கு ஆண்டுதோறும் இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் தேவைப்பட்டது. இங்கிலாந்து ஜனங்களோ ஏற்கனவே வரிப் பளுவால் நொந்திருந்தார்கள். 1763-இல் ஆப்பிள் மதுவுக்கு வரி போட்டதற்கே அங்கு கலகம் மூண்டது. கடலுக்கு அப்பாலிருந்த குடிகள் அவர்களைவிட மிகக் குறைவாகவே வரி செலுத்தினார்கள். தங்கள் பாதுகாப்புச் செலவில் ஒரு பங்கையேனும் அவர்கள் ஏற்கட்டும் என்று பிரதம மந்திரி ஜார்ஜ் கிரென்வில் கருதினார். கணக்குப்பிள்ளையின் கண்கொண்டு பார்த்தால் இதில் குற்றம் காண்பது எளிதன்று.

பணத்தைக் கேட்ட விதத்தில்தான் விபரீதம் விளைந்தது. அதுவரை மன்னருக்குப் பணம் தேவையானால், கவர்னர் மூலமாக அந்தந்த நாட்டுச் சட்டசபையைக் கேட்பது வழக்கம். சபை தன் சக்திக்கேற்ப வரி விதித்துக் கொடுக்கும். கிரென்வில் இவ்வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, பார்லிமெண்டின் சட்டத்தாலேயே நேரே வசூலிக்க முற்பட்டார்.

1764-ஆம் வருஷத்துச் சர்க்கரைச் சட்டம் இதன் தொடக்கம். அந்நிய நாட்டுத் தீவுகளிலிருந்து வரும் கரும்புப் பாகுக்கு 1733 முதற்கொண்டே காலனுக்கு ஆறு பென்ஸ் தீர்வை உண்டு. அதை ஒழுங்காகக் கட்டியவர் அரிது. சுங்க உத்தியோகஸ்தரின் கையில் எதையாவது வைத்துவிட்டுப் பாகை இறக்கி, ரம் சாராயம் காய்ச்சி வந்தார்கள். கிரென்வில் தீர்வையைப் பாதியாகக் குறைத்தார். ஆனால் அந்தப் பாதியை விடாமல் வசூலிக்க ஏற்பாடு செய்தார். ஏற்பாடு என்ன? சுங்க வழக்குகளை ஜூரியில்லாத கடற்படை நீதிமன்றத்தில் விசாரிக்கலாம். அத்தகைய நீதிமன்றம் ஒன்று, வியாபாரிகளுக்கு எட்டாத தொலைவில், ஹாலிபாக்ஸ் நகரில் அமைக்கப்பட்டது. பிடிபட்ட சரக்குக்கு முறையாகத் தீர்வை கட்டியாயிற்று என்று சரக்குக்காரனே நிரூபிக்கவேண்டும். சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்ததென்று ஜட்ஜு எழுதிவிட்டால், வழக்கில் தோற்ற உத்தியோகஸ்தர் மீது நஷ்டஈட்டு வழக்கும் செல்லாது. வரி பாதியாயிற்று, ஆங்கிலேயனின் பிறப்புரிமை என்று அந்நாட்டு நீதி சாஸ்திரிகளே புகழ்ந்த ஜூரி விசாரணை முழுவதும் போயிற்று. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1761-இல், எவன் வீட்டிலும் கிடங்கிலும் நுழைந்து சோதனையிடச் சுங்க அதிகாரிகளுக்கு இடங்கொடுத்த பொது வாரண்டுகளை எதிர்த்துப் பாஸ்டன் வக்கீல் ஜேம்ஸ் ஓட்டிஸ் வாதாடியிருந்தார். அவ்வழக்கில் அவர் தோற்றார். அந்த வாதத்தைக் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்ட இளம் வக்கீல்களில் ஜான் ஆடம்ஸ் ஒருவர்.

மறுவருஷம் ஸ்டாம்புச் சட்டம் வந்தது. 1765 நவம்பர் முதல் தேதியிலிருந்து கோர்ட்டுத் தஸ்தாவேஜு, நிலப் பத்திரம், கப்பல் சீட்டு, உயில், பஞ்சாங்கம், பத்திரிகை, விளம்பரம், சீட்டுக்கட்டு, பகடைக்காய் ஆகிய யாவும் முத்திரையிட்ட காகிதத்தில் இருக்கவேண்டும். அல்லது முத்திரை தாங்கவேண்டும். பத்திரிகைத் தாள் ஒன்றுக்கு அரைப் பென்னி அல்லது ஒரு பென்னி. விளம்பரம் ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங். வக்கீல் தொழிலில் சேருவதற்கு பத்துப் பவுன். இவை யாவும் இங்கிலாந்து நாணய மதிப்பில் செலுத்தப்படவேண்டும். குடியேற்ற நாடுகளின் காகித நாணயம் கடன் தீர்க்கச் செல்லாது என்று முந்திய ஆண்டுதான் வேறொரு சட்டம் செய்து, அங்கு பணப் புழக்கத்தையே குறுக்கியிருந்தார்கள். வக்கீலையும் பத்திரிகைக்காரனையும் ஒரே சட்டத்தால் ஒரே தினத்தில் பகைத்துக்கொண்ட மந்திரி எவ்வளவு படித்தவரானாலும் ராஜதந்திரி ஆகமாட்டார். ஒருவன் எழுதாமல் இருக்கமாட்டான். மற்றவன் பேசாமல் இருக்கமாட்டான். இரு தொழிலிலும் கைவைத்திருக்கும் நமக்கு இது நன்றாகத் தெரியும்.

விர்ஜீனியா சட்டசபையில் பாட்ரிக் ஹென்றி தீர்மானங்களைக் கொண்டுவந்தார். பாஸ்டனில் ஸ்டாம்பு விநியோகஸ்தராக நியமனமான ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி தொங்கிற்று. சில நாட்களில் லெப்டினண்ட் கவர்னர் தாமஸ் ஹட்சின்ஸனின் மாளிகையை ஜனக்கும்பல் சூறையாடியது. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடி, தங்கள் பிரதிநிதிகள் இல்லாத சபை தங்கள்மீது வரி விதிக்கலாகாது என்று மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் விண்ணப்பம் செய்தார்கள். மந்திரி கட்சியினர் இதற்கு ஒரு சாமர்த்தியமான பதில் வைத்திருந்தார்கள். மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடப் பார்லிமெண்டில் அங்கத்தினர் இல்லை. எனினும் அவ்வூரார் வரி செலுத்துகிறார்கள். ஒவ்வோர் அங்கத்தினரும் சாம்ராஜ்யம் முழுமைக்கும் பிரதிநிதியே என்றார்கள். இது ஓர் அநீதியைக் காட்டி மற்றோர் அநீதியை நியாயப்படுத்தும் வாதம். மேலும், மான்செஸ்டருக்கு விதிக்கும் வரியை அங்கத்தினர்கள் தாமும் கொடுக்கவேண்டும்; அமெரிக்காவுக்கு விதிக்கும் வரியோ அவர்களுடைய பளுவைக் குறைக்கும். இந்த வேற்றுமையை மேரிலாந்து வக்கீல் டேனியல் டுலானி அந்த ஆண்டிலேயே துண்டுப் பிரசுரத்தில் எடுத்துக் காட்டினார்.

வாதத்தைவிடப் பகிஷ்காரமே லண்டனில் நன்றாகக் கேட்டது. நியூயார்க் வியாபாரிகள் இருநூறு பேர் பிரிட்டிஷ் சாமான்களைத் தருவிப்பதில்லை என்று கையொப்பமிட்டார்கள். மற்றத் துறைமுகங்களும் பின்பற்றின. சரக்குத் தேங்கிய ஆங்கில வியாபாரிகளே பார்லிமெண்டின் வாசலில் மனுவுடன் நின்றார்கள். 1766 மார்ச் 18-ந் தேதி ஸ்டாம்புச் சட்டம் ரத்தாயிற்று. அமெரிக்காவில் தீபாலங்காரம் செய்து கொண்டாடினார்கள்.

அதே தினத்தில் மன்னரின் சம்மதம் பெற்ற வேறொரு சட்டத்தைக் கொண்டாட்டத்தில் பலர் கவனிக்கவில்லை. எந்த விஷயமானாலும் சரி, குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்யப் பார்லிமெண்டுக்கு முழு அதிகாரம் உண்டு என்று பிரகடனம் செய்வது அச்சட்டம். அயர்லாந்தை அடக்கிவைக்க அரை நூற்றாண்டுக்கு முன் செய்த சட்டமே அதற்கு மாதிரி. ஒரு பென்னியும் அது வசூலிக்கவில்லை, ஒருவனையும் தண்டிக்கவில்லை. ஆயினும் நம் அபிப்பிராயத்தில், 1763-க்கும் 1776-க்கும் இடையே பிறந்த சட்டங்களுள் இதுவே விஷவித்து. மற்றவற்றை ரத்து செய்யலாம். ரத்து செய்தும் இருக்கிறார்கள். இதை ரத்து செய்யாதவரை, ரத்தான வரி எதுவும் நாளை வேறு பெயரில் வரலாம். பிரபுக்கள் சபையில் காம்டன் பிரபு இதை எதிர்த்துப் பேசினார். எதிர்த்து வோட்டுப் போட்டவர் மொத்தம் ஐவர். அவர்களில் ஒருவர் 27 வயது நிரம்பிய கார்ன்வாலிஸ் பிரபு. அப்பெயரை வாசகர்கள் நினைவில் வைப்பார்களாக.

வேறு பெயரில் வர ஓராண்டே பிடித்தது. 1767-இல் பொக்கிஷ மந்திரி சார்லஸ் டவுன்ஷெண்டு கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதித் தீர்வை போட்டார். இம்முறை தொகையைக் காட்டிலும் அது செலவாகும் வழி கவனிக்கத்தக்கது. அவ்வருமானத்திலிருந்து கவர்னர்களுக்கும் ஜட்ஜுகளுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று சட்டம் கூறிற்று. அதுவரை அநேக நாடுகளில் கவர்னரின் சம்பளம் சட்டசபையின் கையில் இருந்தது. ஜனங்களை முற்றும் மதியாத கவர்னருக்குச் சம்பளம் தாமதமாகும். அந்தக் கடிவாளம் அறுபடப் போகிறது என்பதைச் சபைகள் உடனே உணர்ந்தன. துருப்புகளுக்குத் தேவையானவற்றைச் சட்டப்படி கொடுக்கத் தயங்கிய நியூயார்க் சட்டசபை, இணங்கும்வரை வேறு சட்டமே செய்யலாகாது என்று தடுக்கும் உத்தரவும் அதே ஆண்டில் பிறந்தது. பென்ஸில்வேனியா வக்கீல் ஜான் டிக்கின்ஸன், ஒரு குடியானவன் எழுதுவதுபோல் பத்திரிகைகளில் வரிசையாகக் கடிதங்கள் எழுதி, வரி சிறிதாயிருப்பதே அதன் அபாயம் என்று எச்சரித்தார். சிறிய தொகை ஒப்புக்கொள்ளப்பட்டால் அது முன்மாதிரியாகிவிடும். முன்மாதிரியின் பலம் எத்தகையது என்பதை வழக்காடியவன் அறிவான்.

மறுபடியும் பகிஷ்காரம், மறுபடியும் பின்வாங்கல். 1769 மே மாதத்தில் மந்திரிசபை கூடி, டவுன்ஷெண்டு தீர்வைகளை எடுத்துவிடலாம், ஆனால் பார்லிமெண்டின் உரிமைக்கு அடையாளமாகத் தேயிலைத் தீர்வை மட்டும் இருக்கட்டும் என்று முடிவு செய்தது. அதற்குச் சாதகமாக ஐந்து வோட்டு, எதிராக நான்கு. ஒரே ஒரு மந்திரி மாறியிருந்தால் ராத்தலுக்கு மூன்று பென்ஸும் மறைந்திருக்கும். 1770 மார்ச் 5-ந் தேதி பிரதம மந்திரி நார்த் பிரபு இதற்கான பிரேரணையைக் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தார். அதே தினம் பாஸ்டன் வீதியில் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். அந்தச் சிப்பாய்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் நாம் முன்பு குறிப்பிட்ட ஜான் ஆடம்ஸ். இருவர் மட்டும் கொலையினும் குறைந்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்கள்; ஏனையோர் விடுதலையானார்கள். தாங்கள் இழந்துகொண்டிருந்த ஜூரி விசாரணையைத் தங்கள் விரோதிகளுக்கு அவ்வூரார் மறுக்கவில்லை.

எஞ்சி நின்ற மூன்று பென்ஸைக் கலகமாக்கிய பெருமை கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேரும். இங்கே கதை நம் கரைக்கும் வருகிறது. 1769-இல் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து சமாதானம் எழுதி வாங்கிய செய்தி எட்டியதும் லண்டனில் கம்பெனிப் பங்குகளின் விலை சரிந்தது. அடுத்து வங்காளத்தில் பெரும் பஞ்சம். 1772-இல் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தது. அதன் லண்டன் கிடங்குகளில் 1 கோடி 70 லட்சம் ராத்தல் அளவில் சீனத் தேயிலை விற்காமல் குவிந்து கிடந்தது. சர்க்கார் 14 லட்சம் பவுன் கடன் கொடுத்தது. தேயிலையை இங்கிலாந்து தீர்வையின்றி, கம்பெனியே தன் ஏஜெண்டுகள் மூலம் அமெரிக்காவில் விற்கவும் 1773-இல் அனுமதித்தது. அமெரிக்கத் தீர்வையான மூன்று பென்ஸையும் எடுத்துவிடும்படி பார்லிமெண்டிலேயே சிலர் யோசனை கூறினார்கள். நார்த் பிரபு இணங்கவில்லை.

பாஸ்டனில் கம்பெனியின் ஏஜெண்டுகளாக நியமிக்கப்பட்டவர்களில் இருவர், இதற்குள் கவர்னராகிவிட்ட ஹட்சின்ஸனின் புதல்வர்கள். கவர்னரின் சம்பளமோ 1772 முதல் சுங்க வருமானத்திலிருந்தே கிடைத்து வந்தது. தகப்பனுக்குச் சம்பளம் தரும் வரியைச் செலுத்தி, பிள்ளைகளுக்கு லாபம் தரும் தேயிலையை வாங்கி, மலிவென்று மகிழும்படி ஊரார் எதிர்பார்க்கப்பட்டார்கள். வங்காளத்தில் இக்கம்பெனி செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று அமெரிக்கப் பிரசுரங்கள் அந்த ஆண்டே எழுதின. பிலடெல்பியாவும் நியூயார்க்கும் கப்பல்களைத் திருப்பி அனுப்பின. பாஸ்டனில் தீர்வை கட்டாமல் கப்பல் வெளியேற ஹட்சின்ஸன் அனுமதி மறுத்தார்; இருபது நாள் கெடு முடிந்தால் சுங்க அதிகாரிகள் சரக்கைக் கைப்பற்றி இறக்கிவிடுவார்கள். கெடு முடிவதற்கு முந்திய இரவுதான் பெட்டிகள் உடைந்தன.

இதன்பின் லண்டனில் நிதானம் கெட்டது. குற்றம் செய்தவர் சிலர். 1774-இல் தண்டனை ஊர் முழுவதற்கும். ஜூன் முதல் தேதியிலிருந்து துறைமுகம் மூடப்பட்டது. மாஸசூஸெட்ஸின் மேல்சபையை இனி மன்னரே நியமிப்பார். கவர்னரின் அனுமதியில்லாமல் ஊர்ப் பொதுக்கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூடலாகாது. கலகத்தை அடக்குகையில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட உத்தியோகஸ்தரை வேறு நாட்டிலோ இங்கிலாந்திலோ விசாரிக்கலாம். பாஸ்டனை ஒதுக்கி ஒடுக்கிவிடலாம் என்பது கணக்கு. விளைந்தது நேர்மாறு. தெற்கே கரோலினாவிலிருந்து அரிசியும், அண்டை நாடுகளிலிருந்து ஆடுகளும் பாஸ்டனுக்கு வந்தன. செப்டம்பரில் பன்னிரண்டு நாடுகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் காங்கிரஸாகக் கூடினார்கள். 1775 ஏப்ரலில் லெக்ஸிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலையில் சுதந்திரப் பிரகடனம்.

அந்தப் பிரகடனத்தைப் போற்றுகிறவர்கள் ஒன்றை மறைத்துவிடக் கூடாது. உரிமை பேசிய அந்நாடுகளில் அப்பொழுது ஐந்தில் ஒரு பங்கு ஜனங்கள் அடிமைகள். மேற்கே பூர்வ குடிகளின் நிலத்தில் புகலாகாது என்று 1763-இல் மன்னர் இட்ட எல்லையும் குடியேறியவர்களின் மனக்குறைகளில் ஒன்று. பிரதிநிதியின்றி வரியில்லை என்று முழங்கியவர்கள், தங்கள் வயலில் உழைத்தவனுக்குப் பிரதிநிதி யார் என்று கேட்கவில்லை. அது அவர்கள் கணக்கில் நிற்கும் பழி; அதனால் நார்த் பிரபுவின் கணக்கு நேராகிவிடாது.

1778-இல் அந்த நார்த் பிரபுவே ஒரு மசோதா கொண்டுவந்தார். வருமானத்துக்காக அமெரிக்கர்மீது பார்லிமெண்டு இனி வரி விதிக்காது. தேயிலைத் தீர்வையும் ரத்து. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டது முழுவதும் அதில் இருந்தது. அதற்குள் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் சேனை சரணடைந்திருந்தது. பிரான்ஸ் அமெரிக்காவோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்தது. சமாதானம் பேசப் போன கமிஷனர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். 1781 அக்டோபரில் யார்க்டவுனில் மற்றொரு சேனை ஆயுதங்களைக் கீழே வைத்தது. அதன் தளபதி, 1766-இல் அந்தப் பிரகடனச் சட்டத்துக்கு எதிராக வோட்டளித்த அதே கார்ன்வாலிஸ் பிரபு. ஐந்து ஆண்டுகள் கழித்து அவரை இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள்; ஹைதர் அலியின் மகன் திப்புவோடு போரிட 1790-இன் இறுதியில் அவர் சென்னையில் வந்து இறங்கினார்.