முற்றிய நிலைப் பார்க்கின்சன் நோய்

பார்க்கின்சன் நோய் அல்லது நடுக்குவாதம் என்பது மூளையின் சில நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் உடலின் அசைவுகள் பாதிக்கப்படும் நோயாகும். நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் சென்றபின், மருந்து மட்டும் போதாமல், எழுவது, உண்பது, குளிப்பது என எல்லாவற்றுக்கும் பிறர் துணை தேவைப்படும் கட்டமே முற்றிய நிலை எனப்படுகிறது. நோயைக் குணப்படுத்தும் மருத்துவம் இன்றுவரை இல்லை. ஆனால் கீழே விழுதல், புரையேறுதல், படுக்கைப்புண், மாத்திரை நேரம் தவறுதல் போன்றவற்றால் வரும் துன்பத்தை வீட்டார் பெருமளவு குறைக்க முடியும். "வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது" என்று விட்டுவிட வேண்டியதில்லை.

வரலாறு

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஒரு சிறு நூலில் இந்நோயை விவரித்தார். அதில் அவர் குறிப்பிட்ட நோயாளிகள் ஆறு பேர். அவர்களில் சிலர் அவர் தெருவில் கண்டவர்களே. பின்னர் பாரிஸ் நகர நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார். பார்க்கின்சன் பிறந்த ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இதன் முதன்மை மருந்தான லெவோடோபாவுக்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1937இல் தாமோதரன், இராமசாமி என்ற இரு அறிவியலாளர்கள் பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து, ஆய்விதழில் வெளியிட்டனர். அது நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்பது அப்போது தெரியாது. 1960களில்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் காணப்பட்டது. நாட்டு மருந்துக் கடைகளில் பூனைக்காலிப் பொடி இன்றும் கிடைக்கிறது. மாத்திரை உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதையும் சேர்த்து உண்டால் மருந்தின் அளவு கூடிவிடும்.

நோய் முற்றுவது எப்படி?

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியிலுள்ள அணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடலசைவு சீராக நடைபெற இது தேவை. இந்த அணுக்கள் அழிய அழிய நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம் ஆகியவை தோன்றுகின்றன. லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறுகிறது. ஆனால் அணுக்களின் அழிவை அது நிறுத்துவதில்லை. காலப்போக்கில் மூளையின் பிற பகுதிகளும் பாதிக்கப்படுகின்றன. விழுங்குதல், நினைவு, இரத்த அழுத்தம், மலம் சிறுநீர்க் கட்டுப்பாடு ஆகியவையும் கெடுகின்றன. இவற்றுக்கு லெவோடோபா அவ்வளவாக உதவுவதில்லை.

1967இல் ஹோன், யாஹ்ர் என்ற இரு மருத்துவர்கள் நோயை ஐந்து நிலைகளாகப் பிரித்தனர். நான்காம் நிலையில் நோயாளி மிகுந்த சிரமத்துடன் தானே நிற்கவோ நடக்கவோ முடியும். ஐந்தாம் நிலையில், பிறர் உதவாவிட்டால் சக்கர நாற்காலியிலோ படுக்கையிலோதான் இருக்க வேண்டும்.

மருந்தும் நேரமும்

முற்றிய நிலையில் ஒரு மாத்திரையின் பயன் சில மணி நேரமே நீடிக்கும். அதன் வேகம் தணிந்தவுடன் உடல் விறைத்துவிடும். ஆகவே மருத்துவர் எழுதிய நேரப்படி மாத்திரை கொடுப்பது மிக முக்கியம். பருப்பு, முட்டை, பால், இறைச்சி ஆகியவற்றிலுள்ள புரதம் மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எனவே பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை தரப்படுகிறது.

மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு நோய்க்காகவோ அறுவைக்காகவோ மருத்துவமனையில் சேர்க்கும்போது, நோயாளிக்குப் பார்க்கின்சன் இருப்பதையும் மாத்திரை நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்திற்குத் தரும் ஹாலோபெரிடால் ஆகியவை இந்நோயை மோசமாக்கும் என்பதையும் அத்தாளில் குறிப்பது நல்லது.

உணவும் விழுங்குதலும்

உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் சென்று உண்டாகும் நுரையீரல் அழற்சியே இந்நோயாளிகளின் இறப்புக்கு முக்கியக் காரணம். சிலருக்கு இருமலே வராமல் நீர் உள்ளே போய்விடும். உண்டபின் குரல் கரகரப்பது, அடிக்கடி காய்ச்சல் வருவது, எடை குறைவது ஆகியவை இதற்கான அறிகுறிகள்.

நீர், நீர்மோர், ரசம் போன்றவை கெட்டியான கூழைவிட எளிதில் புரையேறும். ரசத்தில் மிதக்கும் சோறு, முறுக்கு, பொரி, வேர்க்கடலை ஆகியவற்றைத் தவிர்த்து, குழைந்த சாதம், பருப்பு மசியல், நன்கு பிசைந்த இட்லி, கஞ்சி எனக் கொடுக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு வாயாக, ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்ததைத் தர வேண்டும். உண்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்திருப்பவரின் வாயில் நீர் ஊற்றவே கூடாது. எந்தப் பதம் ஒருவருக்கு ஏற்றது என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார்.

வீடும் நடமாட்டமும்

புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் திண்ணைப் படி, உயர்ந்த வாசற்படி, முற்றத்து இறக்கம் எனத் தடுக்கி விழ இடங்கள் பல. புதிய அடுக்குமாடி வீடுகளில் ஈரமான குளியலறையே ஆபத்தான இடம். படிகளிலும் கழிப்பறையிலும் கைப்பிடி பொருத்தி, மிதியடிகளை அகற்றி, இரவு முழுதும் சிறு விளக்கு எரியவிட வேண்டும்.

நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவது உண்டு. அப்போது கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். தரையில் குறுக்காக வண்ண நாடா ஒட்டி, அந்தக் கோட்டைத் தாண்டச் சொன்னாலோ, "ஒன்று, இரண்டு" என்று எண்ணினாலோ பலருக்குக் கால் எழும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வருவதைத் தடுக்கலாம்.

மனமும் நினைவும்

முகத் தசைகள் இறுகுவதால் நோயாளியின் முகத்தில் உணர்ச்சி தெரியாது. அதைக் கோபம் என்றோ, ஒன்றும் புரியவில்லை என்றோ கொள்ளக் கூடாது. பதில் வரத் தாமதமாகும், காத்திருந்தால் வரும். அவருக்காக மற்றவர் பதில் சொல்லிவிடுவது அவரை மேலும் ஒதுக்குகிறது.

இல்லாத மனிதர்களோ விலங்குகளோ கண்ணுக்குத் தெரிவதும் உண்டு. வாதாடாமல் அமைதிப்படுத்தி, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்தின் அளவு ஆகியவை காரணமாக இருக்கலாம். சிட்னியில் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அதுவரை உயிருடன் இருந்தவர்களில் 83 விழுக்காட்டினருக்கு மறதிநோய் காணப்பட்டது. எனவே முக்கியமான முடிவுகளை நோயாளியோடு பேசி எடுக்கக் காலம் தாழ்த்தக் கூடாது.

முன்கூட்டியே பேச வேண்டியவை

விழுங்க முடியாமல் போனால் குழாய் வழியே உணவு தரலாமா, மூச்சுத் திணறினால் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டுமா என்ற கேள்விகள் திடீரென ஒரு நள்ளிரவில் பிள்ளைகள் முன் வந்து நிற்கும். நோயாளியின் விருப்பம் தெரியாதபோது குடும்பத்திற்குள் மனக்கசப்பு உண்டாகிறது. தன் இறுதிக்கால மருத்துவம் எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. 2023இல் அதன் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும். தெளிவான மனநிலையில் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

உதவிகளும் உரிமைகளும்

* புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர், பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சியாகும். இங்கு நரம்பியல் துறை உள்ளது. புறநோயாளர் பிரிவில் காத்திருக்க நேரும். எனவே அன்றைய மாத்திரைகளையும் கெட்டியான கஞ்சியையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.
* 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சன் நோயும் உள்ளது. ஊனத்தின் அளவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ எனச் சான்று பெற்றவர்கள், அதற்குரிய அரசு நலத்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.
* முதியோர் உதவி எண் 14567. மனநல உதவி எண் 14416.

பராமரிப்பவர்

பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஒருவரே இரவு பகலாகப் பார்த்துக்கொள்கிறார். தூக்கமின்மையும் முதுகுவலியும் மனச்சோர்வும் அவருக்கும் வரும். வாரத்தில் ஓரிரு நாளாவது வேறொருவர் பொறுப்பேற்பது உதவி மட்டுமன்று, சிகிச்சையின் ஒரு பகுதியே. வலியையும் மற்ற தொல்லைகளையும் குறைக்கும் நோய்த் தணிப்பு மருத்துவம் புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. பார்க்கின்சன் நோயாளிகளின் குடும்பங்களும் அதை நாடலாம். கடைசி வாரம் வரை காத்திருக்கத் தேவையில்லை.