நொடியைச் சுமந்து செல்லும் ஒளி

வெளிப்புற ஒலிபரப்பு ஒன்றில், நான் பேசியது ஹெட்போனில் அரை நொடி தாமதமாகத் திரும்பி வந்து கேட்டது. இரண்டு வரிக்குள் நாக்கு குழறிவிட்டது. அதே ‘திரும்பி வரும் ஒலி’ வித்தையை வைத்துத்தான் உலகின் மிகத் துல்லியமான கடிகாரங்களை ஒப்பிடுகிறார்கள் என்று பிறகு படித்தபோது வியந்து போனேன்.

சீசியம் அணுவுக்குரிய நுண்ணலை 9,192,631,770 முறை அதிரும் நேரமே ஒரு நொடி. 1967 முதல் இதுதான் கணக்கு. இப்போது அதையும் மிஞ்சிய ஒளிக் கடிகாரங்கள் வந்துவிட்டன. ஸ்ட்ரோன்டியம் அணுவைப் பயன்படுத்தும் கடிகாரத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 429 டிரில்லியன் முறை அதிர்கிறது.

ஆனால், தூரத்தில் உள்ள இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? இத்தனை துல்லியத்திற்குச் செயற்கைக்கோள் சமிக்ஞை போதாது. அதனால் லேசர் ஒளியை ஃபைபர் கேபிளில் அனுப்புகிறார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். வெயில் அடித்தால் கேபிள் நீள்கிறது. மேலே லாரி ஓடினால் அதிர்கிறது. ஆம்புலன்ஸ் கடந்து போகும்போது சைரன் ஒலி மாறுவதுபோல, ஒளியின் அதிர்வெண்ணும் தடுமாறுகிறது.

தீர்வு எளிமையானது. மறுமுனைக்குப் போன ஒளியில் ஒரு பகுதியை அதே இழையில் திருப்பி அனுப்புகிறார்கள். போக ஒரு முறை, வர ஒரு முறை என அது இருமடங்கு தடுமாற்றத்தோடு வந்து சேரும். அதில் பாதியைக் கணக்கிட்டு, புறப்படும் ஒளியிலேயே எதிர்த்திசையில் திருத்தம் செய்தால், மறுமுனையில் ஒளி சுத்தமாகப் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கை டிஜிட்டல் சில்லுகளிடம் ஒப்படைக்கலாம். அவை ஒளி எவ்வளவு விலகியது என்று இடைவிடாமல் அளந்து, உடனுக்குடன் திருத்தக் கட்டளையிடும். ஆளில்லாத இடைநிலையங்களில் இருக்கும் கருவியின் அமைப்பையும் தூரத்தில் இருந்தே மாற்றலாம்.

ஆனாலும் தாமதத்தை வெல்ல முடியாது. 1,000 கிலோமீட்டர் இழையில் ஒளி போய்த் திரும்பச் சுமார் 10 மில்லிநொடி ஆகும். அதைவிட வேகமான அதிர்வைத் திருத்த அவசரப்பட்டால், ஸ்பீக்கர் அருகே கொண்டுபோன மைக் ‘வீல்’ என்று அலறுமே, அந்தக் கதைதான். எவ்வளவு வேகம் போதும் என்று முடிவு செய்வதில்தான் பொறியாளரின் கைத்திறன் இருக்கிறது.

ஜெர்மனியில் கார்ச்சிங்கையும் பிரவுன்ஷ்வைக்கையும் இணைத்த 920 கிலோமீட்டர் இழையின் வெற்றி 2012-இல் வெளியானது. பாரிஸ், பிரவுன்ஷ்வைக் நகரங்களின் ஸ்ட்ரோன்டியம் கடிகாரங்களை 1,415 கிலோமீட்டர் இழை வழியே ஒப்பிட்ட முடிவு 2016-இல் வெளியானது. பிரான்சுப் பகுதியில், இணையத் தரவு ஓடும் அதே இழையில்தான் அந்த ஒளியும் பயணித்தது. இரண்டு கடிகாரங்களும் 20,000 டிரில்லியனில் ஒரு பங்கு அளவுக்குள் ஒத்துப்போயின!

நமக்கு இதனால் என்ன பயன்? ஐன்ஸ்டீன் சொன்னபடி, உயரமான இடத்தில் நேரம் சற்று வேகமாக ஓடும். கடிகாரங்கள் மிகக் கூர்மையாக இருந்தால், ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாட்டையும் நேரத்தைக் கொண்டே அறியலாம். நாடுகள் தங்கள் நில உயரங்களை ஒரே அளவுகோலில் ஒப்பிட அது உதவும்.

நொடியின் இலக்கணத்தையே 2030-இல் மாற்றி எழுதுவது உலக அளவியல் அமைப்புகளின் இலக்கு. நாடுகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன என்று உறுதியானால்தான் அது நடக்கும். அதற்குத் தடுமாறாத ஒளி வேண்டும்.

அன்று என்னைக் குழற வைத்தது திரும்பி வந்த ஒலி. இங்கே தடுமாற்றத்தைத் தீர்ப்பதே திரும்பி வரும் ஒளிதான்!