விவாகரத்துக்குப் பிறகு புதிய துணையுடன் ஒரே வீட்டில்... குழந்தையின் கஸ்டடி பறிபோகுமா?

விவாகரத்து முடிந்து மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. எட்டு வயது மகள் அம்மாவிடம் வளர்கிறாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து வெளியே அழைத்துப் போவார். அம்மாவின் வாழ்க்கையில் இப்போது இன்னொருவர் வந்திருக்கிறார். அடுத்த மாதம் முதல் ஒரே வீட்டில் இருக்கலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது: "அந்த ஆளோட ஒரே வீட்ல இருந்தீன்னா நான் கோர்ட்டுக்குப் போவேன். பொண்ணு என்கிட்டதான் வருவா."

இது ஒரு மாதிரிக் காட்சிதான். ஆனால், விவாகரத்தான பலருக்கும் இந்த பயம் நிஜம். பெண் என்றால் "குழந்தை இருக்கும்போது இவளுக்கு இது தேவையா?" என்பார்கள். ஆண் என்றால் "சித்தி கையில பிள்ளையைக் கொடுக்கப் போறியா?" என்பார்கள். சொந்தக்காரர்கள் சொல்வது இருக்கட்டும். சட்டம் என்ன சொல்கிறது?

சேர்ந்து வாழ்வது குற்றமா?

இல்லை. திருமண வயதை எட்டிய இருவர் விருப்பப்பட்டு சேர்ந்து வாழ்வது சட்டப்படி குற்றமல்ல. நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் தொடரப்பட்ட வழக்குகளை 2010-ல் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. விவாகரத்து வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் கதை வேறு. 2018-ல் உச்ச நீதிமன்றம் 497-வது பிரிவை ரத்து செய்த பிறகு, திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பது கிரிமினல் குற்றம் இல்லை. ஆனால், விவாகரத்துக்கான காரணமாக அது இன்றும் நீடிக்கிறது. தீர்ப்பு வரும் முன்பே புதிய துணையுடன் குடியேறினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கண்டிப்பாகக் கையில் எடுப்பார். தீர்ப்புக்கு முன்பே இன்னொரு திருமணம் செய்துகொள்வது குற்றம்.

கஸ்டடி தானாகவே மாறிவிடுமா?

மாறாது. கஸ்டடி என்பது நீதிமன்றம் கொடுத்த உத்தரவு. புதிய துணை வந்துவிட்டார் என்பதற்காக அது காலாவதி ஆகாது. மற்ற பெற்றோர் வாட்ஸ்அப்பில் மிரட்டுவதாலோ, பள்ளி வாசலில் வந்து நிற்பதாலோ ஒன்றும் மாறப்போவதில்லை. மாற்ற வேண்டும் என்றால் அவர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும்.

அதே நேரம், "ஜட்ஜ்மென்ட் வந்தாச்சு, இனி யாரும் தொட முடியாது" என்றும் இருந்துவிட முடியாது. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவின்படி, குழந்தை தொடர்பான உத்தரவுகளை நீதிமன்றம் அவ்வப்போது மாற்றலாம். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கின் 1973-ம் ஆண்டு தீர்ப்பும் இதையே சொல்கிறது: கஸ்டடி உத்தரவுகள் நிரந்தரமானவை அல்ல, குழந்தையின் சூழல் மாறும்போது அவையும் மாறலாம்.

சூழல் மாறியது என்று காட்டினால் மட்டும் போதாது. அந்த மாற்றம் குழந்தையைப் பாதிக்கிறது என்றும் காட்ட வேண்டும். வழக்கின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

நீதிபதி எதைப் பார்ப்பார்?

1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 13-வது பிரிவில், குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. மதம் எதுவானாலும் பொருந்தும் 1890-ம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமும் குழந்தையின் வயது, பாதுகாவலராக இருப்பவரின் குணம், திறன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம். அதற்கென்று இத்தனை வயது என்ற கணக்கு இல்லை. பெரும்பாலும் நீதிபதி தன் அறையில் குழந்தையிடம் தனியாகப் பேசுவார்.

1956 சட்டத்தில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது. ஒருவர் எப்போது இயற்கைப் பாதுகாவலர் தகுதியை இழப்பார் என்று 6-வது பிரிவு சொல்கிறது. இந்து மதத்தை விட்டு வெளியேறினால் போகும், உலகைத் துறந்து சந்நியாசம் போனால் போகும். மறுமணம் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

தீர்ப்புகளும் இதே திசையில்தான் போகின்றன. 2006-ல் ஒரு வழக்கில், தாய் மறுமணம் செய்துகொண்டதைக் காரணம் காட்டி அவருடைய கஸ்டடி உரிமையைப் பறிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2021-ல் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு பெண்ணுக்கு திருமணத்துக்கு வெளியே உறவு இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் மட்டும் அவர் நல்ல தாய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்றது. பெண்களின் நடத்தை மீது ஆதாரமின்றி சேற்றை வாரி இறைப்பது வழக்கமாகிவிட்டதையும் சுட்டிக்காட்டியது.

ஆக, "யார் கூட இருக்கே?" என்பது நீதிமன்றத்தின் முதல் கேள்வி அல்ல. "குழந்தை எப்படி இருக்கு?" என்பதுதான். பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறதா? மார்க் திடீரென்று இறங்கியிருக்கிறதா? தூங்குவதற்குத் தனி இடம் இருக்கிறதா? வீட்டில் குடி, அடிதடி உண்டா? அப்பாவைப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகள் தவறாமல் நடக்கின்றனவா? புதியவருடன் குழந்தை சகஜமாக இருக்கிறதா, பயந்து ஒதுங்குகிறதா?

எதிர்ப்பக்கம் இருப்பவரின் பயம்

மெசேஜ் அனுப்பிய அப்பாவைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், தனக்குத் தெரியாத ஒருவர் தன் மகள் தூங்கும் வீட்டில் இருக்கப் போகிறார் என்ற பயம் இயல்பானது. சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. ஒரே வீட்டில் வசிப்பவர், குழந்தையின் பெற்றோருடன் குடும்ப உறவில் இருப்பவர் போன்றோர் செய்யும் பாலியல் குற்றத்தை போக்சோ சட்டம் கூடுதல் கடுமையான குற்றமாகவே வைத்திருக்கிறது. ரத்த சொந்தங்களுக்கும் இதே விதிதான்.

அந்த பயத்துக்கு மிரட்டல் மெசேஜ் பதில் ஆகாது. அவரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்கலாம். நிபந்தனைகள் கேட்டு மனு போடலாம். குழந்தை ஆபத்தில் இருப்பதாக உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் 1098 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கலாம். பழிவாங்குவதற்காகப் பொய்ப் புகார் கொடுத்தால், விசாரணை என்ற பெயரில் முதலில் அலைக்கழிக்கப்படுவது அந்தக் குழந்தைதான்.

புதிய துணைக்கு என்ன உரிமை?

குழந்தை மீது சட்டப்படி எந்த உரிமையும் இல்லை. திருமணம் செய்துகொண்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. மேலே சொன்ன 6-வது பிரிவு, அப்பா - அம்மா என்ற சொல்லில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அவர் குழந்தையைத் தினமும் ஸ்கூலில் விடலாம், ஹோம்வொர்க் சொல்லித் தரலாம். ஆனால், ஆபரேஷனுக்கான சம்மதக் கையெழுத்து என்றால் பெற்றோரைத்தான் தேடுவார்கள். முறைப்படி தத்தெடுத்தால் மட்டுமே அவர் சட்டப்படி பெற்றோர் ஆவார். அதற்குப் பெற்ற அப்பாவின் சம்மதமும் வேண்டும்.

ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

இங்கே இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னாள் துணைக்கான நிரந்தர ஜீவனாம்சம் வேறு, குழந்தைக்கான பராமரிப்புத் தொகை வேறு. ஜீவனாம்சம் பெறுபவர் மறுமணம் செய்தாலோ, வேறு ஒருவருடன் உறவில் இருந்தாலோ அதைக் குறைக்கவோ நிறுத்தவோ கேட்டு மனு போடலாம். குழந்தைக்கான பணத்தை அந்தக் காரணத்துக்காக நிறுத்த முடியாது. "இனிமே அவனே ஃபீஸ் கட்டட்டும்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

வீடு மாறும் முன்...

* விவாகரத்துத் தீர்ப்பையும் பரஸ்பர சம்மத ஒப்பந்தத்தையும் எடுத்து மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். இருப்பிடம், மறுமணம், சந்திப்பு பற்றி நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை.

* மற்ற பெற்றோருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. குழந்தையின் வாய் வழியாக அவருக்குத் தெரியவரும்போதுதான் பல சண்டைகள் வெடிக்கின்றன.

* வேறு ஊருக்குப் போவதால் சந்திப்பு தடைபடும் என்றால், முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும்.

* கூடியவரை பள்ளியை மாற்றாமல் இருக்கலாம். வீடு, பள்ளி, வீட்டுக்கு வந்த புது ஆள் என்று மூன்றையும் ஒரே மாதத்தில் குழந்தை தாங்காது.

* "இனிமே இவர்தான் உன் அப்பா" என்று திணிக்க வேண்டாம். அங்கிளா, பெயரா என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும்.

* சந்திப்பு நாட்களை ஒருபோதும் தவறவிடக் கூடாது. கஸ்டடி மனு வந்தால், தவறவிட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எதிராகப் பேசும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் கவலை வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுக வழி சொல்வார்கள்.

அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு அம்மா என்ன பதில் போடலாம்? "கோர்ட்டுக்குப் போங்க, பார்த்துக்கலாம்" என்று போடலாம், சட்டப்படி அதில் தப்பில்லை. "ஞாயித்துக்கிழமை வரும்போது அவரையும் பாருங்க, பேசலாம்" என்றும் போடலாம். இரண்டாவது பதிலைப் போடுவது கஷ்டம்தான். ஆனால், வழக்கு வந்தால் நீதிபதி பார்க்க விரும்புவது அந்த இரண்டாவது பதிலைத்தான். எட்டு வயது மகளும் அதைத்தான் விரும்புவாள்.